நாலு விரல் நெய்து பார்த்தது

அடாப்டரின் முனை கீபோர்டின் ஓட்டைக்குள் வழுக்கிக்கொண்டு நுழைந்தது. இறுகவும் இல்லை, ஆடவும் இல்லை. அளவெடுத்துச் செய்ததுபோலப் போய் உட்கார்ந்தது. நுழைந்துவிட்டதால் இது இதற்கு உண்டானதுதான் என்று தறிக்காரன் தாவீது நினைத்துவிட்டான். பிற்பாடு வந்த அத்தனைக்கும் அந்த நினைப்புதான் வேர்.

கீபோர்டு சபையின் கோயிலுக்கு வாங்கியது. அதுவரை கோயிலில் ஒரு பழைய ஆர்மோனியம் இருந்தது. அதன் துருத்தியில் ஓட்டை விழுந்து, பாட்டைவிடப் பெருமூச்சுதான் அதிகமாக வந்தது. ஜாய்ஸ் அந்தப் பெருமூச்சோடு போராடித்தான் வாசிக்கக் கற்றுக்கொண்டாள். நர்சரிப் பள்ளியில் டீச்சர் வேலை பார்க்கிற பெண். ஒரு கீபோர்டு வாங்கலாம் என்று அவள் கேட்டபோதெல்லாம் சபைச் செயலாளர் பிலிப் ஒரே பதிலைத்தான் சொல்வார். "பொம்பளப் புள்ள, நாளைக்கே கல்யாணமாயிப் பூடுவ. அப்பால யாரு வாசிக்கறது, பல்லியா?" ஜாய்ஸ் விடவில்லை. பெண்கள் ஐக்கியத்தில் பேசி, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, கடைசியில் பிலிப்பையே வேலூருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். கடையில் அவளே வாசித்துப் பார்த்து எடுத்துவந்தாள்.

கோயிலின் பக்கத்து அறை ஒழுகியது. கோயில் சாவி தாவீதிடம் இருந்தது, வீடும் எதிர்த் தெருவில். ஆகவே பெட்டி அவன் வீட்டில்தான் இருக்கட்டும் என்றார்கள். ஆயருக்குத் தேவிகாபுரம், சந்தவாசல் என்று பல சபைகள். அவர் ஞாயிற்றுக்கிழமை வந்து கை வைத்து ஜெபித்த பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும், அதுவரை யாரும் தொடக்கூடாது என்பது பேச்சு. ஜாய்ஸ்கூட ஒரு தடவை வாசித்துப் பார்க்கிறேனே என்று கேட்டபோது, பிலிப் கூடாது என்று சொல்லிவிட்டார்.

பெட்டி தறியை ஒட்டிக் கட்டிலில் கிடந்தது. தாவீது தறியில் உட்காரும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

அவன் கெட்ட எண்ணத்தோடு திறக்கவில்லை. தறியில் புதுப் பாவின் நீள இழைகளைப் பிணைத்து முடித்தால் எந்த நெசவாளியும் நேராகச் சேலையைத் தொடங்கமாட்டான். முதலில் நாலு விரல் அகலம் நெய்து பார்ப்பான். இழை எங்காவது அறுந்திருக்கிறதா, பூவுக்கு இழை தூக்கும் ஜக்காடு ஒழுங்காகத் தூக்குகிறதா, பூ நேராக விழுகிறதா என்று. அந்த நாலு விரல் சேலையில் சேராது. பிசகு இருந்தால் அங்கேயே சரிசெய்துகொள்ளலாம். சிறுவயதிலிருந்து கைக்குப் பழகிப்போன புத்தி அது. ஆயர் முன்னால், அத்தனை ஜனத்துக்கு முன்னால், புதுச் சாமான் ஓடாமல் போய்விட்டால்? வைத்திருந்தவன் நான் அல்லவா? நாலு விரல் பார்த்துவிட்டு மூடிவிடலாம் என்றுதான் நினைத்தான். அதில் கொஞ்சம் ஆசையும் இருந்தது. பளபளவென்று அடுக்கியிருக்கும் அந்த வெள்ளைக் கட்டைகளில் ஒன்றையாவது தன் விரலால் அழுத்திவிட வேண்டும் என்ற ஆசை.

அவன் மனைவி பாக்கியமேரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கடையில் ஒருமுறை பிரித்து ஒட்டிய டேப் என்பதால் கிழியாமல் வந்தது. கீபோர்டைத் தூக்கிக் கட்டிலில் வைத்தான். அடாப்டரைத் தேடினான், காணோம். கடைக்காரன் மறந்துவிட்டானோ என்று தோன்றியது. தறிக்கு மேலே எலக்ட்ரானிக் ஜக்காட்டின் பெட்டி இருந்தது. அதற்கு ஓர் அடாப்டர் இருந்தது. முனையைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான். இரண்டும் ஒரே அளவு.

ஸ்விட்சை அழுத்தியதும் சிறிய விளக்கு ஒன்று பளிச்சென்று எரிந்தது. தாவீது விரலை நீட்டினான். கட்டையைத் தொடுவதற்குள் விளக்கு அணைந்துவிட்டது. கீழிருந்து ஒரு கசப்பு நாற்றம் எழுந்தது.

அவன் கை தானாகவே எல்லாவற்றையும் பழையபடி வைத்தது. பாலிதீன் உறை, வெள்ளைத் தெர்மகோல், அட்டை, டேப். சேலை மடிக்கிற கை அல்லவா, மடிப்புப் பிசகாமல் வைத்தது.

குடத்தோடு உள்ளே வந்த பாக்கியமேரி மூக்கை உறிஞ்சினாள். "இன்னா நாத்தம் இது?"

"பட்டு நூலு விளக்குல பட்டுடுச்சி."

அவள் இன்னொருமுறை உறிஞ்சிவிட்டு, குடத்தை இறக்கிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை தாவீது தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஒருவேளை சூடு ஆறினால் ஓடும். ஒருவேளை அது அப்படித்தான் அணைந்து அணைந்து எரியுமோ என்னவோ.

ஆயர் வந்தார், பெட்டிமேல் கை வைத்து ஜெபித்தார். ஜாய்ஸ் புதுச் சேலை கட்டியிருந்தாள். ஸ்டாண்டின் கால்களைப் பெருக்கல் குறிபோல விரித்து நிறுத்தி, கீபோர்டைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி அதன்மேல் வைத்தாள். பிறகு பெட்டிக்குள் குனிந்து, கடைசித் தெர்மகோலையும் உருவி, அதற்கு அடியிலிருந்து அடாப்டரை எடுத்தாள்.

அங்கே இருந்திருக்கிறது. இன்னும் ஒரு தட்டைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும்.

ஜாய்ஸ் அடாப்டரைச் சொருகினாள். ஸ்பீக்கருக்குப் போகும் கறுப்பு ஒயரை எடுத்து கீபோர்டின் பின்னால் சொருகினாள். ஆயரின் மைக்குக்காக ஆம்ப்ளிஃபயர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. ஒயர் உள்ளே போன அந்த நொடியில் 'டப்!' என்று ஒரு சத்தம் கோயிலே அதிரக் கேட்டது. மடியில் தூங்கிய குழந்தைகள் அலறி எழுந்தன. ஜாய்ஸ் பதறிப்போய் ஸ்விட்சை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினாள். இல்லை.

"அந்த டப்புனு கேட்டுச்சே," என்றார் பிலிப், "அப்பவே உசுரு பூடுச்சி."

ஜாய்ஸின் முகம் வெளிறியது. "ஸ்பீக்கர் பாக்ஸ ஆஃப் பண்ணிட்டுத்தான் ஒயர சொருகணும்னு கடைக்காரரு சொன்னாருங்க அங்கிள். ஐயாவோட மைக் ஓடிகினு இருந்துச்சா... மறந்துட்டேங்க."

"மறந்துட்டியா! எத்தினி பேரு வூட்டுக் காசும்மா இது. ஜெபம் பண்ண ஈரம்கூடக் காயல."

"உடுங்க பிலிப்," என்றார் ஆயர். "கர்த்தர் நம்ம வாய்ப் பாட்டையும் கேப்பாரு."

தாவீது தூணோரம் நின்றுகொண்டிருந்தான். 'நான்தான்' என்கிற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து நின்றது. பிலிப் பேசி முடிக்கட்டும் என்று பார்த்தான். பிறகு பாட்டு முடியட்டும் என்று பார்த்தான். நிற்க நிற்க அந்த வார்த்தை தொண்டையிலேயே ஊறிப் பெருத்துக்கொண்டே போனது. கடைசியில் வாயைத் திறந்தபோது வேறொன்றுதான் வெளியே வந்தது.

"வேலூருக்கெல்லாம் தூக்கினு போவ வேணாம். எங்க ஜக்காடு மெக்கானிக் சரவணன் கீறான். அவன்கிட்ட காட்டறேன்."

பிலிப் அவன் தோளைத் தட்டினார். "பாத்தியாம்மா ஜாய்ஸ்? ஒருத்தர் ஒடச்சா ஒருத்தர் சுமக்கறாரு. இதுக்குப் பேருதான் பொறுப்பு."

ஜாய்ஸ் கண்ணீரோடு அவனைப் பார்த்துக் கைகூப்பினாள். அந்தக் கும்பிடு அவன்மேல் சுடுதண்ணீராக விழுந்தது.

சரவணனின் கடை பஜாரை ஒட்டிய சந்தில் இருந்தது. கீபோர்டோடு வந்தவனைப் பார்த்து அவன் சிரித்தான். "இன்னாண்ணா, பாட்டுப் பொட்டியத் தூக்கினு வந்துகீற? இனிமே தறியில பாட்டு நெய்யப் போறியா?"

கீபோர்டைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினான். மூடியைத் திறந்ததும் அந்தக் கசப்பு நாற்றம் மறுபடி வந்தது. சரவணன் சிரிப்பை நிறுத்திவிட்டு உள்ளே உற்றுப் பார்த்தான்.

"இத்தப் பாரு, கருகிகீது. கரண்ட்டு உள்ள வர எடத்துல. இது பன்னண்டு வோல்ட்டு குடிக்கற சாமான்ணா. இதுக்கு யாரோ இருவத்திநாலு ஊத்திகீறாங்க."

"ஸ்பீக்கர் ஒயர சொருகறப்ப டப்புனு சத்தம் வந்துச்சே," என்றான் தாவீது. "அதனால இருக்குமா?" கேட்கும்போதே, ஆமாம் என்று இவன் சொல்லிவிடமாட்டானா என்று மனம் பறந்தது. அப்படிப் பறக்கிறதே என்று அவனுக்கே அருவருப்பாகவும் இருந்தது.

"டப்பா? அது ஸ்பீக்கருக்கு ஏப்பம் வர மாதிரிண்ணா. அதுல ஒண்ணியும் ஆவாது." சரவணன் நிமிர்ந்தான். "இந்த சைஸ் முனை, இருவத்திநாலு வோல்ட்டு. ஆரணியில யாரு வூட்ல கீது சொல்லு? எலக்ட்ரானிக் ஜக்காடு வச்சிகினு கீறவன் வூட்லதான்."

தாவீது கழற்றி வைத்திருந்த திருகாணிகளை ஒன்றாகச் சேர்த்தான்.

"தப்பா நெனைக்காத. மாசம் ஒருத்தனாவது இப்படி வரான். ஒருத்தன் டிவி டப்பாவுக்கு சொருகினான். இன்னொருத்தன் மாமியாரு முட்டிக்கு வைக்கிற மசாஜ் மிஷினுக்கு சொருகிட்டு, மாமியா வூட்டுப் பக்கமே போவாம சுத்திகினு கீறான்." சிரித்துப் பார்த்தான். தாவீது சிரிக்காததைக் கண்டு குரலைத் தணித்தான். "சின்ன பார்ட்டுதான், மாத்திடலாம். உங்காளுங்க கேட்டா, வர வழியில குலுக்கல்ல உள்ள சோல்டர் உட்டுப்போச்சின்னு நானே சொல்லிடறேன். யாருக்கும் பேஜாரு இல்ல."

யாருக்கும் பேஜார் இல்லை. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தாவீது வீடு திரும்பினான். யோசித்துப் பார்த்தால் நல்லதாகத்தான் பட்டது. ஜாய்ஸின் மேல் இருக்கிற பழி போய்விடும். தன்மேல் வராது. குலுக்கலுக்கு வாயா இருக்கிறது, இல்லையென்று சொல்ல?

கீபோர்டு சரியாகி வந்ததும் பிலிப்பிடம் அப்படியே சொன்னான். பிலிப் தலையாட்டினார்.

"குலுக்கலோ எதுவோ, சரியாச்சே, ஸ்தோத்திரம். அறுப்புப் பண்டிகைக்குப் போளூர்லேர்ந்து கிறிஸ்டோபர வரச் சொல்லிகீறேன். அவன் வாசிக்கட்டும்."

"ஜாய்ஸ் இருக்குதே?"

"அதுவேதான் வேணாம்னிடுச்சி. கை வைக்கவே பயமா கீதாம். நான்கூட உட்டது தொல்லைன்னு உட்டுட்டேன்."

அன்று தறியில் உட்கார்ந்தவனுக்கு நெசவு ஓடவில்லை. தலைக்கு மேலே ஜக்காடு பெட்டியில் அந்த அடாப்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மறுபக்கம் கரை வாங்க உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாவைத் தள்ளிக்கொடுக்கும் பாக்கியமேரி அதைத் தள்ளாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"பட்டு கருகினா மயிரு கருகின நாத்தம் வரும்," என்றாள். "தறிக்காரன் பொண்டாட்டிக்கு அதுகூடத் தெரியாதா? அன்னிக்கு வந்தது வேற நாத்தம்."

தாவீது தலையைத் தூக்கவில்லை. "தெரிஞ்சிகினே ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு இருந்தேன். கோயில்ல அந்தப் பொண்ணு அழுதப்ப உன் வாயையே பாத்துகினு இருந்தேன். நீ வாயத் தொறந்த. ஆண்டவரேன்னு சந்தோசப்பட்டேன். நீ சரவணன் பேரைச் சொன்ன."

நாடாவைத் தள்ளினாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது தாவீதுக்கு.

சாயங்காலம் ஜாய்ஸ் வீட்டுக்குப் போனான். போகும்போதுகூட உண்மையைச் சொல்வது என்று அவன் முடிவு செய்யவில்லை. குலுக்கல்தான் காரணம் என்று அவளிடம் நேரில் அழுத்திச் சொன்னால் நம்பிவிடுவாள், வாசிக்க வந்துவிடுவாள் என்றுதான் எண்ணம். ஆனால் புறப்படும்போது அடாப்டரைக் கழற்றிச் சட்டைப் பையில் ஏன் போட்டுக்கொண்டான் என்று அவனுக்கே தெரியாது.

ஜாய்ஸின் அம்மா ஃப்ளோரன்ஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "குந்துங்கண்ணா. டீ போடறேன்."

ஜாய்ஸ் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வாங்க பெரிப்பா. சரியாயிடுச்சாமே. பிலிப் அங்கிள் சொன்னாரு."

"ஆமாம்மா. உம்மேல தப்பே இல்ல. வர வழியில குலுங்கிச்சே, அதுல உள்ள எதுவோ உட்டுப்போச்சாம்."

ஜாய்ஸ் சிரித்தாள். அழுகையைவிட மோசமாக இருந்தது அந்தச் சிரிப்பு. "அத்த வேலூர்லேர்ந்து நான்தான் பெரிப்பா மடியில வச்சிகினு வந்தேன். பஸ்சு குழியில எறங்கறப்பல்லாம் ரெண்டு கையாலயும் தூக்கிப் பிடிச்சிகினேன். பிலிப் அங்கிள்கூட கிண்டல் பண்ணாரு. அது குலுங்கவே இல்ல." சட்டையை மடித்து வைத்தாள். "நான் மனசு ஒடஞ்சிடக் கூடாதுன்னு சொல்றீங்க. உங்க நல்ல மனசு எனக்குத் தெரியாதா?"

நல்ல மனசு. தாவீதின் உடம்பெல்லாம் கூசியது. திருடிய கைக்குத் தங்கக் காப்புப் போட்டதுபோல இருந்தது.

சட்டைப் பையிலிருந்து அடாப்டரை எடுத்து, அவள் மடித்துவைத்த துணிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"இது எங்க தறியோடது. நீ தொறக்கறதுக்கு முன்னாடியே நான் தொறந்தேன். இத்த சொருகினேன். எரிஞ்சிது, அணைஞ்சிடுச்சி. அப்படியே மூடி வச்சிட்டேன். ஒயர் சொருகினதால ஒண்ணியும் ஆவலம்மா. நீ கை வைக்கறப்ப அது ஏற்கெனவே செத்துப்போன சாமான்."

அடுக்களையில் டீ பொங்கி வழிகிற சத்தம் கேட்டது. ஃப்ளோரன்ஸ் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டாள். ஜாய்ஸ் அடாப்டரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"எதிர்லயே நின்னுகினு இருந்தீங்களே," என்றாள். "தூணுகிட்ட."

"ஆமா."

"பிள்ளைங்களுக்கு போர்டுல எழுதறப்பகூட கை நடுங்குது பெரிப்பா எனக்கு. என் கையில எதைக் குடுத்தாலும் பூடும்னு தோணுது. நான் உங்களக் கும்பிட்டேன். நீங்க அதையும் வாங்கிகினீங்க."

"ஜாய்ஸு, பெரியவரும்மா..." என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"நீ சும்மா இரும்மா. பிலிப் அங்கிள்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல. மொதல்ல உன்கிட்ட..."

"டப்புனு கேட்ட சத்தம் சபைக்கே கேட்டுச்சி. இது எனக்கு மட்டும் கேட்டா எப்படி?"

அடாப்டரை அவன் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். டீ வரவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

அறுப்புப் பண்டிகையன்று கோயிலில் நடக்க இடமில்லை. பூசணிக்காயும் வாழைத்தாரும் நெல்மூட்டையும் பலிபீடத்துப் படி வரை அடுக்கியிருந்தார்கள். கால் கட்டிய கோழி ஒன்று பிரசங்கத்துக்கு முன்பே குறை சொல்ல ஆரம்பித்திருந்தது. போளூரிலிருந்து வந்த கிறிஸ்டோபர் கீபோர்டுக்கு அதன் அடாப்டரைச் சொருகிவிட்டு, பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஜாய்ஸ் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் சுவரோடு சுவராக இருந்தாள். தாவீது அவளைப் பார்த்தான். அவள் பார்க்கவில்லை.

ஆயரின் மைக் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்டோபர் ஆம்ப்ளிஃபயரை நிறுத்த எழுந்தான்.

"இரு தம்பி, நிறுத்தாத," என்றான் தாவீது.

கீழே கிடந்த கறுப்பு ஒயரை எடுத்தான். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை கீபோர்டின் பின்னால் சொருகினான்.

'டப்!'

கோழி இறக்கையடித்தது. குழந்தைகள் அலறின. "யோவ் தாவீது!" என்று பிலிப் பாய்ந்து வந்தார். "புத்தி கெட்டுப்போச்சாய்யா உனக்கு? அந்தப் பொண்ணு பண்ணத அப்படியே பண்றியே! போச்சி, மறுபடியும் போச்சி!"

தாவீது ஸ்விட்சை அழுத்தினான். சிறிய விளக்கு எரிந்தது. எல்லோரும் பார்க்கட்டும் என்று சற்று விலகி நின்றான். விளக்கு அணையவில்லை.

"போவல," என்றான். குரல் மைக்கில் பட்டுக் கோயில் முழுக்கக் கேட்டது. "டப்புன்ற சத்தத்துல ஒண்ணியும் போவாது. அன்னிக்கும் அதுல போவல. போனது எங்க வூட்ல. ஐயா ஜெபம் பண்றதுக்கு முன்னாடியே நான் தொறந்து, எங்க தறி அடாப்டர சொருகினேன். இதுதான் அது." பையிலிருந்து எடுத்துத் தூக்கிக் காட்டினான். "ஜாய்ஸ் ஒண்ணியும் ஒடைக்கல. அது அழுதப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே நின்னேன்."

பிலிப்பின் வாய் திறந்தபடி இருந்தது. தாவீதுக்கு நெஞ்சு லேசாகும் என்று ஓர் எதிர்பார்ப்பு இருந்தது. ஆகவில்லை. நாலு விரல் நெய்து பார்த்ததை வெட்டிப் போட்டுவிடலாம் என்பது சேலைக்குத்தான். இது அந்தப் பெண்ணின் நாட்களோடு சேர்ந்து நெய்யப்பட்டுவிட்டது.

கிறிஸ்டோபர்தான் முதலில் அசைந்தான். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கடைசி வரிசையைப் பார்த்தான். "அக்கா, நீங்க வாங்களேன்."

ஜாய்ஸ் உடனே எழவில்லை. பாக்கியமேரி அவள் பக்கத்தில் போய் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து ஜாய்ஸ் எழுந்து, பூசணிக்காய்களுக்கு நடுவே சேலையை ஒதுக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

விளக்கு எரிந்த கீபோர்டின் முன்னால் அவள் அப்படியே உட்கார்ந்துவிடவில்லை. முதலில் அதை நிறுத்தினாள். ஆம்ப்ளிஃபயரை நிறுத்தினாள். கறுப்பு ஒயரை உருவினாள். அடாப்டரை உருவினாள். பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து, அவசரமில்லாமல், ஒவ்வொன்றாகச் செய்தாள். அடாப்டர். ஒயர். கீபோர்டின் ஸ்விட்ச். கடைசியில்தான் ஆம்ப்ளிஃபயர். இந்தமுறை சத்தம் வரவில்லை. பிலிப் அவள் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். கைகள் லேசாக நடுங்கின, ஆனாலும் வேலையை முடித்தன.

நாற்காலியில் உட்கார்ந்த பிறகு அவள் தாவீதை நிமிர்ந்து பார்த்தாள். அவன் இன்னும் அந்த அடாப்டரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான்.

"பெரிப்பா," என்றாள், "அத்த எடுத்துகினு போயி உங்க வூட்லயே வைங்க. இந்தப் பக்கம் எங்கயும் வச்சிடாதீங்க."

தாவீது தலையாட்டினான். வழிவிட்ட ஜனங்களுக்கு நடுவே, யார் முகத்தையும் பார்க்காமல் கதவை நோக்கி நடந்தான். அவன் தெருவைத் தாண்டுவதற்குள் பின்னால் முதல் சுரம் எழுந்தது. ஒரு கட்டை தவறி, நின்று, மறுபடி சரியாக எழுந்தது. அவன் வீட்டுக்குள் போய் அடாப்டரைத் தறியிலேயே மாட்டிவிட்டு, பாட்டு முடிவதற்குள் திரும்பி வந்து, கோயிலின் கடைசி வரிசையில், ஜாய்ஸ் எழுந்துபோன சுவரோரத்தில் நின்றுகொண்டான்.